மாற்றுச் சிறுநீரகமும் டி செல்களும்: மாத்திரை ஏன் ஒரு வேளையும் தவறக் கூடாது?

சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மறுபரிசோதனைக்கு வரும்போது ஒரு கேள்வியை அடிக்கடி எழுப்புவதுண்டு. "சிறுநீர் நன்றாகப் பிரிகிறது, கிரியாட்டினின் அளவும் சரியாக இருக்கிறது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. பிறகு எதற்காக இத்தனை மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும்?" என்பதே அக்கேள்வி. அது நியாயமான கேள்வியே. மாத்திரைகளுக்கு ஆகும் செலவும், கை நடுக்கம், சர்க்கரை ஏறுதல் போன்ற பக்கவிளைவுகளும், நாள்தோறும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சலிப்பும் சேரும்போது, ஓரிரு வேளை விட்டுவிட்டால்தான் என்ன என்று தோன்றுவது இயல்பு.

இதற்கான விடை நம் குருதியில் ஓடும் ஒருவகை வெள்ளையணுவிடம் இருக்கிறது. அதன் பெயர் டி செல். அது எவ்வாறு விழித்தெழுகிறது என்பதை அறிந்துகொண்டால், நீங்கள் உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையும் எந்த இடத்தில் நின்று காவல் புரிகிறது என்பது விளங்கும்.

டி செல் என்பது யாது?

வெள்ளையணுக்கள் பலவகைப்படும். அவற்றுள் லிம்ஃபோசைட்டுகள் என்னும் பிரிவைச் சேர்ந்தவை டி செல்கள். இவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்பின் பின்புறம், இதயத்திற்குச் சற்று மேலே அமைந்துள்ள தைமஸ் சுரப்பியில் வளர்ந்து முதிர்கின்றன. தைமஸ் என்ற பெயரின் முதலெழுத்தே இச்செல்லின் பெயராயிற்று. நெடுங்காலம் பயனற்றதெனக் கருதப்பட்ட இந்தச் சுரப்பி நோய் எதிர்ப்பாற்றலுக்கு இன்றியமையாதது என்பதை 1961ஆம் ஆண்டு ஜாக் மில்லர் எலிகளிடம் மேற்கொண்ட ஆய்வு வெளிப்படுத்தியது.

தைமஸை ஒரு கடுமையான தேர்வுக்கூடம் எனலாம். அங்கே வளரும் டி செல்கள் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஓர் ஏற்பி அமைகிறது. ஒரு செல்லின் ஏற்பியைப் போல் மற்றொன்றின் ஏற்பி இருப்பதில்லை. நம் உடலின் சொந்தப் புரதங்களோடு வலுவாகப் பிணையும் ஏற்பியைக் கொண்ட செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. எதையுமே அடையாளம் காண இயலாத செல்களும் மடிகின்றன. தேர்வுக்குச் செல்லும் நூறு செல்களில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை தேறுவதில்லை. தேறியவை மட்டுமே குருதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் சுற்றி வருகின்றன. இவ்வாறு தேறி வந்தாலும் இவை இன்னும் உறங்கும் நிலையிலேயே உள்ளன. தாம் தேடும் அயற்பொருளைச் சந்திக்கும்வரை இவை எவரையும் தாக்குவதில்லை.

அயலானது என்று எப்படி அறிகிறது?

நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களும் தம் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்களைத் தாங்கியுள்ளன. செல்லின் உள்ளே உருவாகும் புரதங்களின் சிறுசிறு துணுக்குகளை இந்த எச்.எல்.ஏ. புரதங்கள் வெளியே ஏந்திக் காட்டுகின்றன. ஒரு தட்டில் பண்டத்தை வைத்து நீட்டுவதைப் போன்றது இது. டி செல் பண்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. தட்டையும் சேர்த்தே பார்க்கிறது. இந்த உண்மையை 1970களில் கண்டறிந்த பீட்டர் டோஹர்ட்டிக்கும் ரோல்ஃப் சிங்கர்நாகலுக்கும் 1996ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தட்டு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வொருவரும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் ஒரு பாதியைத் தந்தையிடமிருந்தும் மறுபாதியைத் தாயிடமிருந்தும் பெறுகிறோம். ஆகவே தாய்க்கும் பிள்ளைக்கும் பாதிப் பொருத்தம் உண்டு. உடன்பிறந்த இருவருக்கிடையே முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பும், பாதிப் பொருத்தத்திற்கு நான்கில் இரு வாய்ப்பும், பொருத்தமே இல்லாதிருக்க நான்கில் ஒரு வாய்ப்பும் உள்ளன.

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசஃப் மர்ரே தலைமையிலான குழு ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தியது. அவர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர்கள். எனவே இருவருடைய எச்.எல்.ஏ. புரதங்களும் ஒன்றே. பெற்றவரின் டி செல்கள் புதிய சிறுநீரகத்தை அயலானதாகக் கருதவில்லை. எதிர்ப்பை அடக்கும் மருந்து எதுவுமின்றியே அச்சிறுநீரகம் இயங்கியது; அவர் மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். அத்தகைய இரட்டையர் அல்லாத நம் அனைவருக்கும் மருந்தின் துணை தேவைப்படுகிறது.

இங்கே இன்னொரு செய்தியையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு கிருமியின் குறிப்பிட்ட துணுக்கை அடையாளம் காணும் டி செல்கள் இலட்சத்தில் ஒன்று என்ற அளவிலோ அதனினும் அரிதாகவோதான் இருக்கும். ஆனால் மற்றொருவருடைய எச்.எல்.ஏ. புரதத்தை எதிர்க்க வல்ல டி செல்கள் நூற்றுக்கு ஒன்று முதல் பத்து வரை இருக்கக்கூடும். மாற்றுறுப்புக்கு எதிரான எழுச்சி மிகக் கடுமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

விழித்தெழ மூன்று குறிப்புகள்

உறங்கும் டி செல் தானாக விழிப்பதில்லை. அதனை எழுப்புவதில் முதன்மையானது டென்ட்ரைட்டிக் செல். கிளைபரப்பிய மரம்போல் நீட்சிகளைக் கொண்ட இச்செல்லை 1973ஆம் ஆண்டு ரால்ஃப் ஸ்டைன்மனும் சான்வில் கோனும் விவரித்தனர். இது திசுக்களில் காவலிருந்து, அயற்பொருளைக் கண்டதும் அதனை விழுங்கித் துணுக்குகளாக்கி, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று டி செல்களிடம் காட்டுகிறது. மாற்றுச் சிறுநீரகத்தோடு கொடையாளரின் டென்ட்ரைட்டிக் செல்களும் உடன்வருகின்றன. அவை பெற்றவரின் நிணநீர்க் கணுக்களை அடைந்து, அயலான தட்டை நேரடியாகவே காட்டிவிடுகின்றன.

வங்கியில் நகைப் பெட்டகம் வைத்திருப்பவர்கள் அறிவார்கள்: நம் சாவி ஒன்றால் மட்டும் அது திறவாது; வங்கியின் சாவியும் சேர வேண்டும். டி செல்லும் அவ்வாறே. எச்.எல்.ஏ. தட்டும் அதிலுள்ள துணுக்கும் டி செல்லின் ஏற்பியோடு பொருந்துவது முதல் குறிப்பு. டி செல்லின் மேலுள்ள சி.டி.28 என்னும் புரதம், டென்ட்ரைட்டிக் செல்லின் மேலுள்ள சி.டி.80, சி.டி.86 என்னும் புரதங்களோடு இணைவது இரண்டாம் குறிப்பு. முதல் குறிப்பு மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால், டி செல் எழுவதற்கு மாறாகச் செயலற்றுப்போகிறது. நம் உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாதிருக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று.

இவ்விரண்டும் சேர்ந்தபின் மூன்றாவது குறிப்பு வருகிறது. சைட்டோகைன்கள் எனப்படும் தூதுப் புரதங்கள் அது. அவற்றுள் முதன்மையான இன்டர்லூக்கின்-2 என்பதை டி செல் தானே சுரந்து, தன் ஏற்பியின் வழியே தானே பெற்றுக்கொண்டு, பிளவுபடத் தொடங்குகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிச் சில நாட்களில் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. பெருகியவற்றுள் சில நேரடியாகச் செல்களைக் கொல்பவை. சில மற்ற வெள்ளையணுக்களை ஏவுபவை. பி செல்கள் எதிர்ப்பொருள்களைச் சுரப்பதற்கும் இவற்றின் துணையே வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்து மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்குவதையே நிராகரிப்பு என்கிறோம்.

மாத்திரைகள் காவல் புரியும் இடங்கள்

முதல் குறிப்பு கிடைத்ததும் டி செல்லினுள் கால்சியத்தின் அளவு உயர்கிறது. அது கால்சினியூரின் என்னும் நொதியைத் தூண்டுகிறது. அந்நொதி என்ஃபாட் என்ற புரதத்தை விடுவிக்க, அப்புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து இன்டர்லூக்கின்-2 உருவாவதற்கான மரபணுவை இயக்குகிறது. இந்தத் தொடரை அறிந்தால் மருந்துச் சீட்டைப் படிப்பது எளிது.

டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய இரண்டும் கால்சினியூரினைத் தடுப்பவை. முதல் குறிப்பு வாயிலை எட்டினாலும் செய்தி உட்கருவைச் சென்றடைவதில்லை. பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றையே நீங்கள் உட்கொள்வீர்கள். இவை இரண்டும் மண்ணிலிருந்து கிடைத்த கொடைகள். சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் 1969இல் எடுக்கப்பட்ட மண்ணில் இருந்த பூஞ்சையிலிருந்து பெறப்பட்டது. 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டாக்ரோலிமஸ், 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த நுண்ணுயிரியில் கண்டறியப்பட்டது.

மைக்கோபினோலேட், டி செல்லும் பி செல்லும் பெருகுவதைத் தடுக்கிறது. செல் பிளவுபட வேண்டுமாயின் அதன் மரபுப்பொருளை நகலெடுக்க மூலப்பொருள் வேண்டும். மற்ற செல்கள் அதனை இருவழிகளில் பெற வல்லவை. இவ்விரு செல்களோ ஒரு வழியையே பெரிதும் நம்பியுள்ளன. அந்த வழியை இம்மருந்து அடைக்கிறது.

பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து, அழற்சியைத் தூண்டும் பல தூதுப் புரதங்கள் உருவாவதையே குறைக்கிறது.

அறுவையின்போது சிலருக்கு ஊசி வழியே செலுத்தப்படும் பாசிலிக்சிமாப், இன்டர்லூக்கின்-2 வந்து சேரும் ஏற்பியை மறைக்கிறது. இரண்டாம் குறிப்பைத் தடுக்கும் பெலாட்டாசெப்ட் என்னும் மருந்தும் 2011 முதல் சில நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது.

ஆக, மூன்று மாத்திரைகளும் ஒரே வேலையை மும்முறை செய்வன அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியில் நிற்கிறது. ஒன்றை நாமாக நிறுத்தினால் ஒரு படி காவலின்றிப் போகிறது. ஒரு மருந்தின் அளவை மட்டும் கூட்டி மற்றதை விட்டுவிடலாகாதா என்று கேட்பதற்கும் விடை இதுவே: பல படிகளில் சிறிது சிறிதாகத் தடுப்பதால்தான் ஒவ்வொரு மருந்தின் பக்கவிளைவையும் தாங்கத்தக்க அளவில் வைத்திருக்க முடிகிறது.

பத்தாண்டு கடந்த பின்னுமா?

ஆம். சிறுநீரகம் எத்தனை ஆண்டுகள் உடலில் இருந்தாலும், அதன் செல்கள் தாங்கியிருக்கும் எச்.எல்.ஏ. கொடையாளருடையதே. தாய் தந்த சிறுநீரகமாயினும், மனைவி தந்ததாயினும், மூளைச்சாவடைந்த ஒருவரின் குடும்பத்தினர் மனமுவந்து அளித்ததாயினும் இதில் மாற்றமில்லை. அன்பு அறிந்த உறவை டி செல் அறியாது.

தொடக்கத்தில் கொடையாளரின் டென்ட்ரைட்டிக் செல்கள் செய்தி சொல்கின்றன. காலப்போக்கில் அவை மறைந்தாலும், சிறுநீரகத்திலிருந்து உதிரும் புரதத் துணுக்குகளைப் பெற்றவரின் சொந்த டென்ட்ரைட்டிக் செல்களே எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த வழி ஒருபோதும் மூடுவதில்லை. புதிய டி செல்களும் தோன்றிக்கொண்டேயிருக்கின்றன. மேலும், ஒருமுறை விழித்தெழுந்த டி செல்களில் ஒரு பகுதி நினைவுச் செல்களாக நெடுங்காலம் தங்கிவிடுகின்றன. அவற்றை மறுமுறை எழுப்ப இரண்டாம் குறிப்பின் தேவையும் குறைவு. ஆகவேதான் ஒருமுறை ஏற்பட்ட நிராகரிப்பு, சிகிச்சையால் அடங்கினாலும், பின்னாளில் கூடுதல் விழிப்புணர்வைக் கோருகிறது. முன்பு குருதி ஏற்றிக்கொண்டவர்களுக்கும், கருவுற்றவர்களுக்கும், ஏற்கெனவே மாற்றறுவை செய்துகொண்டவர்களுக்கும் அறுவைக்கு முன் குருதிப் பொருத்தச் சோதனைகளைக் கவனத்துடன் செய்வதற்கும் இத்தகைய நினைவே காரணம்.

இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை 1971ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடைபெற்றது. அக்காலத்தில் டாக்ரோலிமஸும் இல்லை, சைக்ளோஸ்போரினும் இல்லை. அசதயாப்பிரினையும் ஸ்டீராய்டையும் மட்டுமே கொண்டு மருத்துவர்கள் போராடினர். இன்று நம் கையில் உள்ள மாத்திரைகளின் அருமையை அந்த நாட்களோடு ஒப்பிட்டால் உணரலாம்.

குறைந்தாலும் இடர், கூடினாலும் இடர்

மருந்து குறைந்தால் டி செல்கள் எழும். மிகுந்தால், கிருமிகளை எதிர்க்க வேண்டிய டி செல்களும் உறங்கிப்போகும். தொற்றுகள் எளிதில் பற்றும். டாக்ரோலிமஸ் அளவு மிகுந்தால் அதுவே சிறுநீரகத்திற்கும் கேடு விளைவிக்கும். எனவேதான் குருதியில் அதன் அளவை அவ்வப்போது அளந்து பார்க்கிறோம். சோதனை நாளன்று காலை மாத்திரையை உட்கொள்ளாமல் வந்து, குருதி கொடுத்த பின்னரே உட்கொள்ள வேண்டும். முன்னரே உட்கொண்டுவிட்டால் அளவு உயர்ந்து காணப்பட்டு, மருத்துவர் தவறான முடிவுக்கு வர நேரிடும். மறந்து உட்கொண்டுவிட்டால் அதனை மறைக்காமல் கூறிவிடுங்கள்.

பிற மருந்துகளும் உணவும் இந்த அளவை மாற்றக்கூடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபினைட்டாயின், கார்பமசெப்பின் ஆகியவை டாக்ரோலிமஸின் அளவை வெகுவாகக் குறைத்துவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளூக்கனசோல், சில நுண்ணுயிர்க்கொல்லிகளான கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், இரத்த அழுத்தத்திற்கான டில்டியாசெம் ஆகியவை அளவை உயர்த்தும். கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் ஆகிய பழங்களும் அளவை உயர்த்த வல்லவை, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கடும் வயிற்றுப்போக்கின்போதும் டாக்ரோலிமஸ் அளவு உயரக்கூடும். ஆகவே வேறெந்த மருத்துவரிடம் சென்றாலும், "நான் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்" என்பதை முதற்சொல்லாகக் கூறுங்கள். நாட்டு மருந்து, மூலிகைச் சூரணம், மருந்துக்கடையில் தாமாக வாங்கும் வலிமாத்திரை ஆகியவற்றை மாற்று மருத்துவக் குழுவைக் கேளாமல் உட்கொள்ள வேண்டாம்.

உடனிருப்போர் கவனத்திற்கு

நிராகரிப்பு பெரும்பாலும் ஓசையின்றியே தொடங்குகிறது. நோயாளிக்கு எந்தத் தொல்லையும் தோன்றாதபோதே கிரியாட்டினின் உயரத் தொடங்கியிருக்கும். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று குருதிச் சோதனையைத் தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்து இதுதான். உரிய காலத்தில் கண்டறிந்தால், சிறுநீரகத் திசுச் சோதனையால் உறுதிசெய்து, ஊசி வழியே செலுத்தும் ஸ்டீராய்டு முதலிய சிகிச்சைகளால் பெரும்பாலான டி செல் நிராகரிப்புகளை அடக்கிவிட முடியும். தாமதமானால் சிறுநீரகத்தில் நிலையான தழும்பு ஏற்பட்டுவிடும்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. மாத்திரைகளை மருத்துவர் குறித்த நேரத்திலேயே உட்கொள்ளவும். இருவேளை டாக்ரோலிமஸ் எனில் பன்னிரண்டு மணி நேர இடைவெளி காக்கவும். கைப்பேசியில் நேர ஒலி வைத்துக்கொள்வது நன்று.

2. ஒரு வேளை தவறிவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக உட்கொள்ளக் கூடாது. மாத்திரை உட்கொண்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தாலும் தாமாக மறுபடி உட்கொள்ளக் கூடாது. இரண்டு நிலைகளிலும் மாற்று மருத்துவக் குழுவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கவும்.

3. வெளியூர்ப் பயணத்தின்போது தேவைக்கு மேல் சில நாட்களுக்கான மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்திருக்கவும்.

4. மருந்தின் வணிகப் பெயரையோ உற்பத்தி நிறுவனத்தையோ கடைக்காரர் மாற்றித் தந்தால், உட்கொள்ளும் முன் எங்களிடம் தெரிவிக்கவும்.

5. காய்ச்சல், சிறுநீர் குறைதல், கால் வீக்கம், திடீர் எடைக் கூடுதல், இரத்த அழுத்தம் உயர்தல், மாற்றுச் சிறுநீரகம் உள்ள இடத்தில் வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே தொடர்புகொள்ளவும்.

6. உயிருள்ள நுண்கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். எந்தத் தடுப்பூசியாயினும் முன்கூட்டியே கேட்டறியவும்.

7. மைக்கோபினோலேட் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு விளைவிக்க வல்லது. கருவுற விரும்பும் பெண்கள் அதற்கு வெகு முன்னரே மருத்துவரிடம் கலந்து பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

மாத்திரை வாங்கப் பணம் போதவில்லை என்பதோ, பக்கவிளைவைப் பொறுக்க முடியவில்லை என்பதோ வெட்கப்பட வேண்டிய செய்தியன்று. அதனைச் சொல்லாமல் மறைத்து, இரண்டு மாத்திரைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்வதே சிறுநீரகத்தை இழக்கச் செய்கிறது. எங்களிடம் கூறினால் மருந்தின் வகையையோ அளவையோ மாற்றவும், உதவித் திட்டங்களை நாடவும் வழி உண்டு.

டி செல் நமக்குப் பகையன்று. நம்மைக் கிருமிகளிடமிருந்து நாள்தோறும் காக்கும் காவலன் அது. தன் கடமையை அது தவறாமல் செய்கிறது. ஆனால் கொடையாக வந்த உறுப்பு யாருடையது, எதற்காக வந்தது என்பதை அறியும் திறன் அதற்கில்லை. அதனை நாம்தான் காலையிலும் மாலையிலும் மாத்திரை வழியே அதற்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய வேளை மாத்திரையை உட்கொண்டுவிட்டீர்களா என்று இப்போதே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.